கிட்டப் போகாத கமரா

எனக்குப் பேய்க் குறும்படப் பைத்தியம் பிடித்தது ஒரு செத்தவீட்டில். அதுவும் ஈரத்தலையோடு, கையில் வெறுந்தேத்தண்ணியோடு, அழுது களைத்துப்போய் இருந்த நேரத்தில். நினைத்தால் இப்போதும் சீ என்று வருகிறது.

இறந்தவர் பெரியப்பா, அப்பாவின் தமையன். அரியாலையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவர் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் வாசற்படலையைத் தாண்டியதும் எங்கள் அழுகைக்கும் ஒரு முடிவு வந்துவிடும். வீட்டைக் கழுவி, கிணற்றடியில் குளித்து, ஆண்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முன்பெல்லாம் அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. போய்வந்த ஆண்களும் வாய் திறக்கமாட்டார்கள். அது ஒரு நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்போது நேரலை வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக என்று தொடங்கியது, வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் சேர்த்துச் சுடலையைக் காட்டுகிறது. காட்டுவதென்றால் சும்மா காட்டுவதில்லை. மேலே ட்ரோன் பறக்கும். அழுகிற மனிசியின் முகத்தை மெதுவாக ஓடவிட்டு வீணை வாசிப்பார்கள். பெட்டிக்குள் இருப்பவரின் மூக்குத் துவாரத்துப் பஞ்சு வரை கமரா போகும். அதற்குக் கீழே வீடியோக்காரரின் தொலைபேசி இலக்கம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெரியப்பாவுக்கு வாய்க்கரிசி போடும்போது நடுவில் தலைமயிர் எண்ணெய் விளம்பரம் வந்தது. பெரியப்பா சுத்த மொட்டை.

என் மாமி, அதாவது என் கணவரின் தாயார், அன்று என் பக்கத்தில் பாயில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் எங்களோடு சேர்ந்து என் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிதை பற்றியதும் நேரலை நின்றது. போன் தன்பாட்டில் அடுத்த வீடியோவைத் தொடங்கியது. ஒரு கூடம். வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பிரேதம். தலைமாட்டில் குத்துவிளக்கு.

“உது ஆர் பிள்ளை? வேறை செத்தவீடோ?” என்றார் மாமி.

“உது சுவிஸிலை செத்த மனிசனாக்கும்” என்று பக்கத்து வீட்டு அக்கா தீர்மானமாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. என் போனை வாங்கி, கீழே “ஆழ்ந்த அனுதாபங்கள், ஓம் சாந்தி” என்று எழுதி, கும்பிடும் கையையும் போட்டு அனுப்பிவிட்டார். என் பெயரில். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு எந்தப் பிரேதத்தைப் பார்த்தாலும் அழுகை வரும், ஆள் யார் என்பது பிறகு.

பிரேதம் எழுந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்தது. கறுப்பாக ஏதோ ஒன்று, கூழ் போல, நாடி வழியாக வழிந்து நெஞ்சில் விழுந்தது. மாமி போனைத் தட்டிவிட்ட வேகத்தில் அது வெறுந்தேத்தண்ணிக்குள் போய் விழுந்தது. “ஐயோ, எழும்பிட்டுதடி!” என்று அவர் கத்திய கத்தலில் ஒப்பாரி திரும்பத் தொடங்கிவிட்டது என்று நினைத்து அயலட்டைப் பெண்கள் உள்ளே ஓடி வந்தார்கள். போனைத் துடைத்து எடுத்துப் பார்த்தபோதுதான் அது யாரோ எடுத்த பேய்ப் படம் என்று விளங்கியது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மாமி சாப்பிட்டார்.

ஆனால் போனுக்கு நான் சாப்பிடாதது தெரியாது. முழுதாகப் பார்த்தேன், அனுதாபமும் தெரிவித்தேன், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மறுநாளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பேய்ப் படங்களைக் கொண்டுவந்து கொட்டியது. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், பத்து நிமிடம். நான் தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து அங்கே போகும்வரை ஜன்னல் கரையில் இருந்து வயல்களைப் பார்ப்பதற்குப் பதிலாக, காலை வெயிலில் பேய்களைப் பார்க்கத் தொடங்கினேன். பக்கத்தில் இருக்கிற சனம் ஒருமுறை என் போனை எட்டிப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். ஒரு மனிசி எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

ஏன் பார்த்தேன்? திட்டுவதற்காகத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க இரத்தத்தோடு சீவிக்கிறவள் நான். இரத்தம் எப்படி இருக்கும், நேரம் போகப் போக எப்படிக் கறுக்கும், எப்படி உறையும் என்று எனக்குத் தெரியும். இந்தப் படங்களில் ஓடியது இரத்தமே இல்லை. நகத்துக்குப் பூசுகிற சாயம். சுவரில் அப்பியிருக்கும், தரையில் குளமாக நிற்கும், இரண்டு நாள் கழித்தும் அதே பளபளப்போடு கிடக்கும். நகத்தைப் பிடுங்குவார்கள். பல்லைக் கழற்றிக் கோப்பைக்குள் போடுவார்கள். சோற்றுக்குள் புழு நெளியும், அதை ஒருத்தி அள்ளி வாயில் வைப்பாள், கமரா அவள் தொண்டைக்குள் இறங்கிவிடப் பார்க்கும். எங்கள் ஊர்ப் பெடியள் எடுத்த ஒன்றில், இரத்தத்துக்குச் சர்பத் பாணியை ஊற்றியிருந்தார்கள் போலிருக்கிறது. கழுத்து அறுபட்டுக் கிடந்த பெண்ணின் தோளில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளை கடி வாங்கிக்கொண்டு அசையாமல் எப்படித்தான் கிடந்ததோ! படத்துக்குக் கீழே, “இரத்தம் காய்ந்தால் கறுக்கும். எறும்பு மொய்க்காது. தயவுசெய்து கவனிக்கவும்” என்று எழுதினேன். அதற்கு ஐம்பது பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

அப்படித் திட்டிக்கொண்டே போனபோதுதான் அந்த ஒரு படம் வந்தது. என்ன மொழி என்றே தெரியாது, அதில் பேச்சும் இல்லை. ஒரு பெண் வீட்டின் பின்னால், கிணற்றடிக் கொடியில் துணி காயப்போடுகிறாள். நல்ல வெயில். மாலையில் எடுக்க வரும்போது கொடியின் கடைசியில், அவள் போடாத ஒரு ஆண்பிள்ளைச் சேட்டு தொங்குகிறது. மற்றத் துணியெல்லாம் காய்ந்துவிட்டது, அது மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள். கத்தவில்லை, ஓடவில்லை. பிழிந்து, உதறி, மடித்து, உள்ளே கொண்டுபோய் அலுமாரியைத் திறப்பது திறந்திருக்கும் பின்கதவு வழியாகத் தெரிகிறது. அலுமாரி முழுவதும் அதே சேட்டு. மடித்து மடித்து அடுக்கியிருக்கிறாள். கதவைச் சாத்துகிறாள். படம் முடிந்தது.

பஸ் தெல்லிப்பழைச் சந்தியைத் தாண்டிப் போய்விட்டது. நான் இறங்கவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன். வெயில் சுட்டது, முதுகு சில்லென்றிருந்தது. இவ்வளவு நாளும் எனக்கு வந்தது பயமே இல்லை என்று அன்றுதான் விளங்கியது. அந்தப் படத்தில் கமரா கிணற்றடியைவிட்டு அசையவே இல்லை. அவள் முகத்துக்குக் கிட்டப் போகவில்லை, சேட்டுக்குக் கிட்டப் போகவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவளிடமே விட்டுவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் கிட்டக் கிட்டப் போய் மூக்கை நுழைத்துத்தான் நாறடிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவருக்குக் காட்டினேன். அவர் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். அந்த மனிசனால் எதையும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடியும்.

“உதிலை என்ன இருக்கு? ஒண்டும் நடக்கேல்லையே!”

“நடக்காததுதான் பயம்.”

“உனக்கு விசர்” என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுத்தார்.

அப்பா ஒருவர்தான் எனக்குத் துணை. அம்மா போன பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்மனைக் கதிரையில் இருந்து அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உவள் ஏன் பிள்ளை அந்தச் சேட்டை மடிக்கிறாள்? எறிஞ்சிருக்கலாமே.”

“எறிய மனம் வரேல்லை போலை, அப்பா.”

“ஓம். அதுதான்” என்றார்.

அதே கிழமை, அப்பாவோடு படிப்பித்த வாத்தியார் ஒருவர் இறந்துபோக, அப்பாவால் நடந்துபோக முடியாமல் நேரலையில் பார்த்தார். வழக்கம்போலக் கமரா பிரேதத்தின் முகத்தின்மேல் குனிந்தது. ஒரு ஈ உதட்டில் வந்து இருந்தது, அதையும் விட்டுவைக்காமல் பெரிதாக்கிக் காட்டினார்கள். அப்பா போனைத் தள்ளிவிட்டார். “என்ரை முகத்திலை உப்பிடி மேய விடாதை பிள்ளை. சொல்லிப்போட்டன்” என்றார். நான் “சரி அப்பா” என்றேன். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை, நானும் பகிடிக்குத் தலையாட்டவில்லை.

மாசி மாதத்தில் அப்பா போனார். நித்திரையிலேயே போய்விட்டார்.

அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் அண்ணை. அவர் பிரான்ஸில். போய்ப் பல வருடமாகியும் விசா கிடைக்கவில்லை, அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே போக முடியாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம், ஆனாலும் நான் போன் எடுத்துச் சொன்னபோது, “நான் வாறன், நான் வாறன்” என்றுதான் முதலில் சொன்னார். பிறகு அழுதார். பிறகு, “லைவ் போடு பிள்ளை. எல்லாத்தையும் பாக்கவேணும்” என்றார். கொள்ளியைச் சித்தப்பாவின் மகன் வைப்பதென்று முடிவானது.

வீடியோக்காரர் வந்தார். தாடி வைத்த, மரியாதையான ஆள். தான் எடுத்த செத்தவீடுகளை வரிசையாகக் காட்டினார். ட்ரோன், வீணை, பஞ்சு, எல்லாம் இருந்தன. ஒரு கமரா போதும், கூடத்து வாசல் பக்கமாக வையுங்கள், அங்கிருந்து அசைக்க வேண்டாம், இசை வேண்டாம், முகத்துக்குக் கிட்டப் போக வேண்டாம், சுடலையில் வாசலோடு நிற்பாட்டிவிடுங்கள் என்று சொன்னேன்.

“அக்கா, வெளிநாட்டுச் சனம் முகத்தைத்தான் கேக்கும். பிறகு என்னைத்தான் பேசுவினம்.”

“தம்பி, செத்தது என்ரை அப்பா. நான் சொல்லுறதை எடுங்கோ.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கமராவை வாசலில் நிறுத்தினார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த இடத்திலிருந்து பெட்டியின் ஓரமும், விளக்கும், வந்துபோகிற சனத்தின் முதுகும்தான் தெரிந்தன. அப்பா பார்த்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பார்.

கிரியை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அண்ணை வீடியோ கோலில் வந்தார். குளித்து, ஈரவேட்டியோடு, மேலில் ஒன்றுமில்லாமல் நின்றார். மாசிக் குளிரில், பிரான்ஸில். பின்னால் ஒரு அடுக்குக் கட்டில். அவரோடு தங்கியிருக்கிறவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள் போல.

“பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆக்களின்ரை முதுகுதான் தெரியுது. அப்பான்ரை முகம் எங்கை?”

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளங்கப்படுத்தினேன். அப்பா சொன்னதைச் சொன்னேன். அப்படிக் கிட்டக் காட்டுவது அசிங்கம், அப்பாவுக்கும் பிடிக்காது, தூரத்தில் நின்றால்தான் மரியாதை என்றேன். நான் பார்த்த படத்தைப் பற்றியும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அண்ணை கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“உது படம் இல்லைப் பிள்ளை. நீ பொம்பிளை, சுடலைக்குப் போகமாட்டாய். நான் ஆம்பிளை, நானும் போகேலாமல் நிக்கிறன். நான் வைக்கவேண்டிய கொள்ளி அது. வைக்கத்தான் ஏலாது. அதைக் கிட்ட நிண்டாவது காட்டச் சொல்லு. அதுக்குப் பிறகு உன்னட்டை ஒண்டும் கேக்கமாட்டன்.”

கூடத்தில் ஒப்பாரி கேட்டது. அப்பா இனி எதையும் பார்க்கப் போவதில்லை, அண்ணைக்கு இதைவிட்டால் வேறு ஒன்றுமில்லை. அப்படித்தான் அப்போது யோசித்தேன். வீடியோக்காரரைக் கூப்பிட்டு, “சுடலைக்குள்ளை போங்கோ தம்பி. கொள்ளி வைக்கேக்கை எவ்வளவு கிட்டப் போகேலுமோ, அவ்வளவு கிட்டப் போங்கோ” என்றேன். அவர் கமராவைத் தாங்கியிலிருந்து கழற்றினார். முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வருமென்று எதிர்பார்த்தேன், அது வரவில்லை.

பிரேதம் படலையைத் தாண்டியது. பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். நான் மட்டும் அறைக்குள் கட்டிலில் இருந்தேன். ஒரு போனில் அண்ணை. மாமியிடம் வாங்கிய மற்றப் போனில் சுடலை. இரண்டையும் தலையணையில் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தேன். அண்ணை தன் போனை மேசையில் எதிலோ சாத்திவிட்டு, எட்ட நின்றார். அவரிடம் நேரலை ஓடிக்கொண்டிருந்த கணினியின் வெளிச்சம் அவர் நெஞ்சில் தெரிந்தது.

சித்தப்பாவின் மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சிதையைச் சுற்றினான். சுற்றுக்கொரு துவாரமாகக் குடத்தில் கொத்தினார்கள். தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. அண்ணை தன் அறையில் அசையாமல் நின்றார், ஆனால் அவர் வலது தோள் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நேரலையின் கீழே கும்பிடும் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓம் சாந்தி, ஓம் சாந்தி. யாரோ ஒருவர் வீடியோ தெளிவாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார்.

தலைமாட்டுக்குக் கமரா போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் வீடியோக்காரர். விறகுக்கு இடையில் அப்பாவின் நெற்றி, திருநீற்றோடு, அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

“சிதைக்கு முதுகு காட்டி நில்லும் தம்பி. பாராமல் வையும்” என்று ஐயரின் குரல் கேட்டது.

சித்தப்பாவின் மகன் திரும்பி நின்றான். மற்றப் போனில் அண்ணையும் திரும்பினார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. போன் சரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. அண்ணை கணினிக்கும் எனக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, அடுக்குக் கட்டிலைப் பார்த்து நின்றார். ஒன்றுமில்லாத கையைப் பின்னால் நீட்டினார். சுடலையில் நெருப்புப் பிடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.

“திரும்பிப் பாராமல் போங்கோ” என்றார் ஐயர்.

அண்ணை போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தப் போனில் அடுக்குக் கட்டிலும் சுவரும் மட்டும் இருந்தன. இந்தப் போனில் ஆண்களும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பாராமல் போய்விட்டார்கள். கமரா மட்டும் போகவில்லை. நான் எவ்வளவு கிட்டப் போகச் சொன்னேனோ, அவ்வளவு கிட்ட நின்றது.

நெருப்பு நெற்றிக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணைக்காக எடுக்கச் சொன்னதை அண்ணை பார்க்கவில்லை. பார்க்கக்கூடாதவள் நான், ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிற்பாட்டச் சொல்லியிருக்கலாம். போனைக் குப்புறப் போட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் முதுகைக் காட்டிப் போன பிறகு, நானும் அப்பாவை அங்கே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

“பிள்ளை, இன்னும் குளிக்கேல்லையே? வா” என்று மாமி கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார்.

“வாறன் மாமி” என்றேன். எழுந்திருக்கவில்லை.